துவரை வீரிய ஒட்டு விதையைக் கண்டு பயப்பட வேண்டாம், அதை இங்கேயே உற்பத்தி செய்ய வழி கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துவரம் பருப்பு விலை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதை ஒட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கட்டுரை இறக்குமதியையும் இருப்பு வரம்பையும் பற்றிப் பேசியது, சரி. ஆனால் கடிதம் எழுதிய ஒருவர், ஆண் மலட்டுச் செடியை வைத்துத் துவரையில் கலப்பின விதை தயாரிக்கிறார்கள் என்றும், அது மரபணு மாற்றுப் பயிர் என்றும், அந்தப் பருப்பைச் சாப்பிட்டால் மனிதருக்கும் மலட்டுத்தன்மை வரும் என்றும் எழுதியிருந்தார். அடுத்த இரண்டு நாளில் அதே கடிதம் எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் சுற்றியது. துவரை நடுகிற நாலு பேர் என்னிடமே வந்து கேட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரன். துவரை பயிரிடுகிறேன், விதைப் பண்ணையும் வைக்கிறேன். விஞ்ஞானி இல்லை. ஆனால் விதை உற்பத்தி செய்கிறவனுக்குப் பூவைத் தெரிந்தே ஆக வேண்டும், அந்த அளவுக்கு இந்த விஷயம் தெரியும்.

துவரைப் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பூவுக்குள் இருக்கின்றன. பத்து மகரந்தத் தாள்கள், அதில் ஒன்பது சேர்ந்து ஒரு கட்டாகவும் ஒன்று மட்டும் தனியாகவும் நிற்கும். பூ மலர்வதற்கு முன்பே, மொட்டாக இருக்கும்போதே மகரந்தப் பை வெடித்து, தன் பூவின் சூல்முடியிலேயே மகரந்தம் விழுந்துவிடும். அதனால் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கிற பயிர் அது. இரண்டு வெவ்வேறு ரகங்களைக் கலந்து வீரிய ஒட்டு விதை எடுக்க வேண்டும் என்றால், மொட்டைப் பிரித்து, பத்துத் தாளையும் ஊசி முனையால் எடுத்துவிட்டு, வேறு ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவ வேண்டும். அப்படிச் செய்த பூக்களில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும், நின்றது காயானால் அதில் மூன்று நான்கு விதை. பருத்தியில் இந்தக் கைவேலை கட்டுபடியாகிறது, ஏனென்றால் ஒரு காயில் நிறைய விதை கிடைக்கும். 1970-ல் சூரத்தில் இருந்து வந்த எச் 4 பருத்தி, உலகத்திலேயே முதல் வணிகப் பருத்தி வீரிய ஒட்டு, இப்படிக் கையால் செய்ததுதான். துவரைக்கு அது ஆகாது. ஒரு ஏக்கருக்கு வேண்டிய விதையைக் கையால் எடுக்க ஆகும் கூலிக்கு அந்த ஏக்கரில் விளையும் பருப்பையே வாங்கிவிடலாம்.

அதனால்தான் மகரந்தம் இல்லாத செடி தேவைப்படுகிறது. ஆண் மலட்டுச் செடி என்பது அவ்வளவுதான். வேர், தண்டு, இலை, பூவின் நிறம், சூலகம், எல்லாம் மற்ற துவரைச் செடி மாதிரியே இருக்கும். மகரந்தம் மட்டும் உருவாகாது, உருவானாலும் வேலை செய்யாது. பக்கத்தில் நிற்கிற வேறு செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்தால் எல்லாச் செடியையும் போல நன்றாகவே காய்க்கும். பத்துத் தாளை ஊசியால் எடுக்கிற வேலையை அந்தச் செடியே மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

இந்தச் செடியை யாரும் ஆய்வுக்கூடத்தில் செய்யவில்லை. ஐதராபாத் பக்கத்தில் பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970-களில் ஆயிரக்கணக்கான துவரை வகைகளை வயலில் நட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, மகரந்தப் பை மஞ்சளாக இல்லாமல் கண்ணாடி மாதிரி வெளுத்திருந்த செடிகள் கிடைத்தன. 1978-ல் அதை உலகத்துக்குச் சொன்னார்கள். கொஞ்ச காலத்தில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் பழுப்பு நிற மகரந்தப் பையோடு இன்னொரு வகை கிடைத்தது. இயற்கையிலேயே எங்கோ ஒரு செடியில் வந்த மாற்றம், கண் வைத்துத் தேடியவர்களுக்குக் கிடைத்தது. அந்தச் செடிகளை வைத்து 1991-ல் ஐ.சி.பி.எச் 8 வெளிவந்தது, பயறு வகைகளில் உலகின் முதல் வீரிய ஒட்டு அதுதான். மூன்றே ஆண்டில், 1994-ல், நம் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ.பி.எச் 1 என்ற துவரை வீரிய ஒட்டை வெளியிட்டது. 1997-ல் கோ.பி.எச் 2 வந்தது. பஞ்சாபும் மகாராஷ்டிராவும் அதே காலத்தில் தங்கள் ஒட்டுகளை வெளியிட்டன. அதாவது இந்த வேலையில் உலகத்திலேயே முன்னால் நின்றவர்களில் நம் மாநிலமும் ஒன்று. இன்றைக்கு அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை, பயமுறுத்த மட்டும் ஆள் இருக்கிறது என்பது எனக்கு மனக்கஷ்டமாக இருக்கிறது.

அந்த ஒட்டுகள் நன்றாக விளைந்தன. அப்புறம் ஏன் காணாமல் போயின? இதை யாரும் தெளிவாக எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

அந்தக் காலத்து ஆண் மலட்டுத்தன்மை ஒடுங்கு மரபணுவால் வந்தது. தாயிடம் இருந்து ஒன்று, தகப்பனிடம் இருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால்தான் செடி மலடாகும். அப்படிப்பட்ட தாய்ச் செடியைப் பெருக்கினால், முளைத்து வருவதில் பாதி மலடாக இருக்கும், மீதிப் பாதி மகரந்தத்தோடு இருக்கும். பூக்கும் வரை எது எது என்று தெரியாது. எனவே விதை வயலில் பெண் வரிசைகளில், அதாவது தாய்ச் செடி வரிசைகளில், நிற்கும் அத்தனைச் செடியையும், முதல் மொட்டு வந்த உடனே, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, மஞ்சள் மகரந்தப் பை உள்ளதை எல்லாம் பிடுங்கி எறிய வேண்டும். நாலு நாள் தாமதித்தால் போச்சு, அதன் மகரந்தம் மற்ற செடிகளில் விழுந்துவிடும், விதை கலப்படமாகிவிடும். எல்லாச் செடியும் ஒரே நாளில் பூக்காது என்பதால் திரும்பத் திரும்ப வயலுக்குள் இறங்க வேண்டும். கலவன் நீக்குவது, அதாவது கலந்து நிற்கும் வேறு செடியைப் பிடுங்குவது என்றால் நெல்லில் உயரமாகத் தெரியும் கதிரைப் பிடுங்குவது போன்ற வேலை இல்லை இது, மொட்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். உரம், தண்ணீர், மருந்து எல்லாம் போட்டு வளர்த்த செடியில் பாதியைப் பிடுங்கி எறிகிற வயலில் விதை விலை எப்படிக் குறையும்? அதுவும் கோ.பி.எச் 1, 2 இரண்டுமே நாலு மாதத்தை ஒட்டிய குறுகிய கால ஒட்டுகள், நெருக்கி விதைக்க வேண்டியவை, ஏக்கருக்கு விதையும் அதிகம் வேண்டும். விதை விலையும் அதிகம், அளவும் அதிகம். விவசாயி ஒரு தடவை வாங்கிப் பார்த்தார், அடுத்த வருஷம் வழக்கமான ரகத்துக்கே போய்விட்டார். கம்பெனிகளும் கை வைக்கவில்லை. நன்றாக விளைகிற பயிர் விதை உற்பத்தியில் தோற்றது. இதை மனதில் வையுங்கள், ஏனென்றால் நான் கடைசியில் கேட்கப் போவது இதைச் சார்ந்ததுதான்.

அடுத்த கட்டம் வேறு மாதிரி வந்தது. துவரைக்குக் காட்டு உறவுகள் இருக்கின்றன. ஒடிசா, சத்தீஸ்கரின் பஸ்தர் பக்கத்துக் காடுகளில் கஜானஸ் கஜானிஃபோலியஸ் என்ற செடி வளர்கிறது, நம் துவரைக்கு மிக நெருங்கிய சொந்தம் அதுதான். பார்ப்பதற்கும் துவரை மாதிரியே இருக்கும். அந்தக் காட்டுச் செடியைத் தாயாக வைத்து, நம் பயிர்த் துவரையின் மகரந்தத்தைத் தடவி, வருகிற சந்ததியைத் திரும்பத் திரும்பப் பயிர்த் துவரையோடே சேர்த்துக்கொண்டு போனார்கள். செடியின் குணம் எல்லாம் பயிர்த் துவரையாக மாறிவிடும், ஆனால் கருவுக்கு வெளியே இருக்கும் உயிரணுச்சாறு, அதில் உள்ள மைட்டோகாண்ட்ரியா, காட்டுத் தாயினுடையதாகவே நிற்கும். அது எப்போதும் தாய் வழியாக மட்டும் வரும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டும் ஒத்துப்போகாததால் மகரந்தம் மட்டும் உருவாவதில்லை. இதை இக்ரிசாட்டில் முனைவர் கே.பி. சக்சேனாவின் குழு 2005-ல் வெளியிட்டது, ஏ 4 என்று பெயர். இதற்கு முன்பே இன்னொரு காட்டுத் துவரையான கஜானஸ் ஸ்கேரபியாய்டிஸில் இருந்து வந்த ஏ 2 முறையை வைத்துக் குஜராத் விஞ்ஞானிகள் ஜி.டி.எச் 1 என்ற ஒட்டை உருவாக்கியிருந்தார்கள்.

இந்த முறையில் பாதிச் செடியைப் பிடுங்கும் வேலையே இல்லை. மலட்டுத்தன்மை தாய் வழியாக வருவதால் பெண் வரிசையில் முளைக்கிற ஒவ்வொரு செடியும் மலடுதான். அதற்கு மூன்று விதமான செடிகள் வேண்டும். ஒன்று மலட்டுத் தாய். அந்தத் தாயை மலடாகவே பெருக்கிக் கொடுக்க, அதே குணமுள்ள, ஆனால் மகரந்தமுள்ள ஒரு துணைச் செடி. மூன்றாவது, தகப்பன் செடி. இந்தத் தகப்பனிடம் மகரந்தத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஓங்கு மரபணு இருக்கும். அதனால் மலட்டுத் தாய்க்கும் இந்தத் தகப்பனுக்கும் பிறக்கிற விதை முளைத்துச் செடியாகும்போது அதில் மகரந்தம் முழுசாக இருக்கும்.

இங்கேதான் உங்கள் வாசகருக்குக் குழப்பம் வந்திருக்க வேண்டும். விவசாயி வாங்கி நடுகிற செடி மலடு இல்லை. அது மலடாக இருந்தால் காய்க்கவே காய்க்காது, அப்படிப்பட்ட விதையை யார் வாங்குவார்? மலட்டுச் செடி விதை உற்பத்தி வயலோடு நின்றுவிடுகிறது. நாம் சாப்பிடுகிற பருப்பில் வேறு எந்தத் துவரையிலும் இல்லாத புதுப் பொருள் எதுவும் கிடையாது. செடிக்கு மகரந்தம் வராததற்கும் மனிதனின் பிள்ளைப்பேற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நாம் சாப்பிடுகிற கம்பு, சோளம் ஒட்டுகள் எல்லாம் இதே முறையில் வந்தவைதான். 1964-ல் வந்த சி.எஸ்.எச் 1 சோளம், 1965-ல் வந்த எச்.பி 1 கம்பு, இரண்டும் ஆண் மலட்டுத் தாயில் பிறந்தவை. வீரிய ஒட்டு நெல்லும் அப்படித்தான். அறுபது வருஷமாக இந்த நாடு அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

மரபணு மாற்றம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் தெரிகிறது. கடுகில் டி.எம்.எச் 11 என்று ஒன்று இருக்கிறது, டெல்லி பல்கலைக்கழகம் உருவாக்கியது. அதிலும் ஆண் மலட்டுத்தன்மைதான், ஆனால் அங்கே மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை எடுத்துக் கடுகுக்குள் வைத்து மகரந்தத்தை நிறுத்துகிறார்கள். 2022 அக்டோபரில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அது ஒரு தனி விவாதம், அதில் எதிர்ப்பவர்களுக்கும் நியாயமான கேள்விகள் உண்டு. துவரையில் அப்படி எதுவும் இல்லை. துவரையும் துவரையின் காட்டுச் சொந்தமும் பூவோடு பூ சேர்ந்ததுதான், வெளி உயிரினத்தின் மரபணு ஒன்றுகூட உள்ளே போகவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், கடுகு பற்றி அக்கறையோடு கேட்கிறவர்களின் கேள்விக்கும் மதிப்பு போய்விடும்.

ஏ 4 தாயை வைத்து வந்த ஐ.சி.பி.எச் 2671 ஒட்டு 2010-ல் மத்தியப் பிரதேசத்தில் வெளியிடப்பட்டது. விவசாயிகளின் வயல்களில் வைத்துப் பார்த்த சோதனைகளில் அந்தந்தப் பகுதி ரகங்களைவிட நாற்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக விளைந்தது. வாடல் நோயையும் மலட்டுத் தேமல் நோயையும் நன்றாகத் தாங்கியது. துவரைக்காரர்களுக்கு இந்த இரண்டும் என்ன என்று சொல்லத் தேவையில்லை, நன்றாக வந்துகொண்டிருந்த செடி பூக்கும் சமயத்தில் திடீரென்று காய்ந்து நிற்பதும், பச்சைப்பசேல் என்று புதராக வளர்ந்து பூக்காமலே போவதும் எல்லோரும் பார்த்ததுதான். பின்னால் ஒடிசாவுக்கு ஐ.சி.பி.எச் 3762, தெலங்கானாவுக்கு ஐ.சி.பி.எச் 2740 என்று ஒட்டுகள் வந்தன.

அவரை, மொச்சை, சோயா குடும்பத்தில் இதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தால்தான் இந்த வேலையின் அருமை புரியும். ஐரோப்பாவில் பயிரிடும் ஃபாபா பீன்ஸில் இங்கிலாந்துக்காரர்கள் 1950-களிலேயே தாய் வழி மலட்டுத்தன்மையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அது நிலைக்கவில்லை. மலடாக இருந்த செடி சில தலைமுறையில் தானாகவே மகரந்தம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. பிரான்ஸில் கிடைத்த இன்னொரு வகையும் அதே மாதிரிதான் கைவிட்டது. சோயாவில் சீனாவின் ஜிலின் மாகாணத்து விஞ்ஞானிகள் 2002-ல் ஒரு ஒட்டை வெளியிட்டார்கள். அங்கே பிரச்சினை வேறு, சோயாப் பூ சின்னது, தேனீ அதை எளிதில் தேடி வராது, எனவே இலைவெட்டித் தேனீயை வலைக்குள் வளர்த்து விட வேண்டியிருந்தது. துவரைக்கு அந்தக் கவலை குறைவு. பெரிய மஞ்சள் பூ, தேன் இருக்கிறது, தேனீ தானாக வருகிறது. வழக்கமான வயலிலேயே சராசரியாக 20 முதல் 30 சதவீதம் வரை அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. மற்ற நாடுகள் தோற்ற இடத்தில் நம் பயிருக்கு இயற்கையே பாதி வேலையைச் செய்து கொடுத்திருக்கிறது.

தேனீயைப் பற்றிச் சொல்லாமல் இந்த விதை உற்பத்தியைப் பற்றிப் பேச முடியாது. நாலு வரிசை பெண், ஒரு வரிசை ஆண் என்று நடுகிறார்கள். ஆண் வரிசையில் இருந்து பெண் வரிசைக்கு மகரந்தத்தைக் கொண்டுபோகிறது மலைத்தேனீயும் இலைவெட்டித் தேனீயும்தான், நாம் இல்லை. காற்று இதில் உதவாது, துவரை மகரந்தம் பிசுபிசுப்பாக இருக்கும். துவரை பூக்கிற அதே சமயத்தில்தான் காய்த்துளைப்பானும் வரும். பூவில் புழுவைப் பார்த்த உடனே பவர் ஸ்பிரேயரை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்புவது நம் வழக்கம். தானியத்துக்காகப் பயிரிடுகிற வயலில் அது ஓரளவு தப்பிக்கும், ஏனென்றால் அந்தப் பூ தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். விதை வயலில் அப்படிச் செய்தால் தேனீ செத்துப்போகும், பெண் வரிசையில் பூ பூவாக உதிரும். மருந்து அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு சாயங்காலம், அதுவும் தேனீக்குக் குறைந்த கேடு செய்கிற மருந்தாகப் பார்த்து அடிக்க வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறி, பறவைத் தாங்கி, வேப்பங்கொட்டைச் சாறு இதெல்லாம் விதை வயலில் கட்டாயம் என்றே சொல்வேன். துவரையில் ஒரு நல்ல குணம் உண்டு. காய் பிடிக்கவில்லை என்றால் அது சோர்ந்து நிற்காது, மறுபடி மறுபடி பூத்துக்கொண்டே இருக்கும். தேனீ வருகிற வரைக்கும் காத்திருக்கிற செடி அது.

சுற்றிலும் 500 மீட்டருக்குள் வேறு துவரை இருக்கக் கூடாது. எங்கள் பக்கம் வரப்பெல்லாம் துவரை நிற்கும், ஊடுபயிராக நிலக்கடலையில் நிற்கும், வீட்டுக் கொல்லையிலும் நிற்கும். அதனால் ஒரு விவசாயி தனியாக இந்த விதைப் பண்ணையை வைக்க முடியாது, ஊரே சேர்ந்து பேசி வைக்க வேண்டும். நான் அரசைக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இவ்வளவு நல்லது என்றால் தமிழ்நாட்டில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். முதல் தடவை கையைச் சுட்ட அனுபவம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் விதை விலை பற்றிய பயம். இந்தப் பயம் முப்பது வருஷத்துக்கு முந்தைய கணக்கை வைத்து வருகிறது என்பதுதான் என் வாதம். ஏனென்றால் நடுவில் நம் மாவட்டங்களில் ஒன்று மாறியிருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம் இப்போது துவரையை நாற்று விட்டு நடுகிறோம். பாலித்தீன் பையில் மண்ணும் தொழு உரமும் போட்டு நாற்று வளர்த்து, ஒரு மாதம் கழித்து, ஐந்தடிக்கு மூன்றடி இடைவெளியில் குழி எடுத்து நடுகிறோம். இறவையில் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 2,900 செடி வரும். நூறு துவரை விதை சுமார் 10 கிராம் எடை. பைக்கு இரண்டு விதை போட்டாலும் 600 கிராம்தான் ஆகிறது, முளைக்காதது, செத்தது எல்லாம் சேர்த்தாலும் ஒரு கிலோ தாராளம். அந்த ஒரு கிலோ விதை வழக்கமான விதையைப் போல மூன்று மடங்கு விலை என்றாலும் ஏக்கருக்கு வித்தியாசம் சில நூறு ரூபாய்தான். பக்கக் கிளை விடுவதற்காக நுனி கிள்ள ஒரு நாள் கூலி அதைவிட அதிகம். 1990-களில் கோ.பி.எச் ஒட்டுகளைக் கொன்ற அதே கணக்கு நடவுத் துவரையில் செல்லாது. தனித்தனியாக நின்று புதராகப் பக்கக் கிளை விடுகிற முறைக்கு வீரிய ஒட்டுதான் பொருத்தம், ஏனென்றால் அதன் வேரும் கிளையும் இயல்பாகவே பெரிது. இரண்டையும் ஏன் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

ஆனால் வட மாநில ஒட்டை அப்படியே கொண்டுவந்து நடச் சொல்லவில்லை. துவரை பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற பயிர், அங்கே நன்றாக வருவது இங்கே அதே மாதிரி வரும் என்று இல்லை. கோ 8 மாதிரி நம் ஊருக்கு ஏற்ற ரகங்களையும், வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்து ரகங்களையும் பெற்றோராக வைத்து, மலட்டுத் தாயும் தகப்பனும் இங்கேயே உருவாக வேண்டும்.

குறைகளும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. வீரிய ஒட்டில் விளைந்ததை மறு வருஷம் விதைக்கு எடுத்து வைக்க முடியாது. எடுத்து நட்டால் செடிக்குச் செடி உயரம், வயது எல்லாம் மாறும், மகரந்தம் திருப்பும் மரபணு ஒன்றுதான் இருந்தால் நாலில் ஒரு செடி வரை மறுபடி மலடாக வரலாம். அதற்காக இதைப் பூச்சாண்டி விதை என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வருஷா வருஷம் விதை வாங்க வேண்டும் என்பதை விவசாயியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் பாட்டி காலத்து வரப்புத் துவரையும் நாட்டு ரகங்களும் அழியாமல் ஒரு பக்கம் இருக்கத்தான் வேண்டும், எல்லாரும் எல்லா நிலத்திலும் ஒட்டையே போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று இதைவிட முக்கியம். 1970-ல் அமெரிக்காவில் மக்காச்சோள வயல்களில் பெரும்பகுதி டெக்சாஸ் என்ற ஒரே மலட்டுத் தாயில் பிறந்த ஒட்டாக இருந்தது. அந்தத் தாய் வழியையே குறிவைத்தது போல ஒரு இலைக் கருகல் நோய் வந்து, நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 சதவீதம் ஒரே பருவத்தில் போய்விட்டது. துவரையிலும் எல்லா ஒட்டும் ஏ 4 என்ற ஒரே தாயை நம்பி நிற்கக் கூடாது. வெவ்வேறு காட்டு இனங்களை வைத்து ஏ 1 முதல் ஏ 8 வரை கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அவற்றையும் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அந்தக் காட்டுச் செடிகள் வளர்கிற காடும் இருக்க வேண்டும். கஜானிஃபோலியஸ் வளர்கிற மலையை எல்லாம் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் விதைக்கு எங்கே போவது?

கலப்பட விதை பற்றிய பயமும் நியாயமானது. எங்கள் பகுதியில் ஒரு கடையில் ஒட்டு என்று சொல்லிக் கொடுத்த விதை சாதாரண ரகமாக இருந்து, ஏமாந்தவர்கள் உண்டு. கடைக்காரரின் ஏமாற்று இதனால் முழுக்கத் தீராது, ஆனால் ஒட்டு விதையில் தாய் விதை கலந்திருப்பதைக் கண்டுபிடிக்க வழி கண்டிருக்கிறார்கள். மலட்டுத் தாயின் இலையை இதய வடிவைக் கவிழ்த்தது போன்ற வடிவமாக மாற்றி வைத்திருக்கிறார்கள், அது ஒடுங்கு குணம். தகப்பனுக்கு வழக்கமான நீண்ட இலை. உண்மையான ஒட்டில் நீண்ட இலைதான் வரும். தாய் விதை கலந்திருந்தால் நாற்று ஒன்றிரண்டு மாதத்தில் இலையைப் பார்த்தே தெரிந்துவிடும். ஆய்வுக்கூடம் தேவையில்லை, விவசாயியே நாற்றங்காலில் பார்த்துக் கழித்துவிடலாம். நடவுத் துவரைக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

நாடு முழுக்கத் துவரை விளைச்சல் ஹெக்டேருக்கு 800 கிலோவைச் சுற்றியே பல காலமாக நிற்கிறது. ஏக்கருக்கு மூன்று குவிண்டால் சொச்சம். நெல்லும் கோதுமையும் எங்கேயோ போய்விட்டன, துவரை மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் மொசாம்பிக், தான்சானியா, மலாவி, மியான்மர் என்று நாடு நாடாகப் போய் வாங்குகிறோம். 2016-ல் மொசாம்பிக்கோடு இதற்கென்றே ஒப்பந்தம் போட்டார்கள். 2024-25-ல் இறக்குமதி 10 லட்சம் டன்னைத் தாண்டியது. நம் ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கொடுக்கிற ஒரு கிலோ பருப்பு எங்கே விளைந்தது என்று பார்த்தால் பல மாதங்களில் கப்பல் ஏறி வந்ததாகத்தான் இருக்கும். ஆப்பிரிக்க விவசாயி பிழைப்பதில் எனக்கு வருத்தம் இல்லை, நம் விவசாயியும் பிழைக்க வேண்டும்.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. 2025-26-க்குத் துவரைக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,000 ரூபாய். சந்தையில் அதற்குக் கீழே போன மாதங்களை நாங்கள் பார்த்தோம், மஞ்சள் பட்டாணியை வரியில்லாமல் இறக்கினால் துவரை விலை விழத்தான் செய்யும். விளைச்சலைக் கூட்டிக் கொடுத்துவிட்டு விலையை விட்டுவிட்டால் நல்ல விதையால் விவசாயிக்கு லாபம் வராது. இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். மத்திய அரசு பருப்பில் தன்னிறைவுக்கு என்று 11,440 கோடி ரூபாயில் ஆறாண்டுத் திட்டம் அறிவித்திருக்கிறது, துவரை, உளுந்து, மசூர் மூன்றுக்கும். கொள்முதல் உறுதியும் அதில் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்காவது தமிழ்நாட்டில் துவரை ஒட்டு விதைக்கு வர வேண்டும் என்று நம் மாநிலத்தில் இருந்து யாராவது கேட்டார்களா?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கோயம்புத்தூரும் வம்பனும் நம் ரகங்களில் மலட்டுத் தாயை உருவாக்கி, அதன் மூல விதையான வல்லுநர் விதையை ஒரே கம்பெனிக்கு எழுதிக் கொடுக்காமல் விதைப் பண்ணை விவசாயிகளுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் கொடுக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மலையடிவாரங்களில் தனித்து இருக்கும் சின்னச் சின்ன ஊர்களை விதை கிராமமாகத் தேர்ந்தெடுத்தால் 500 மீட்டர் பயிர் விலகு தூரம் தானாகக் கிடைக்கும், மலைத்தேனீயும் பக்கத்திலேயே இருக்கும். விதைச் சான்றுத் துறையில் துவரைப் பூவைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். முதல் மூன்று வருஷத்துக்கு நடவுத் துவரைக்கு மட்டும், ஏக்கருக்கு ஒரு கிலோ வீதம், ஒட்டு விதையை மானியத்தில் கொடுத்துப் பார்க்கட்டும். விளைந்தால் விவசாயி தானே கேட்டு வாங்குவார்.

உங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறேன். அந்த வாசகர் கடிதத்தை வெளியிட்ட அதே பக்கத்தில், கோயம்புத்தூர் பயறு வகைத் துறையில் வேலை செய்கிற ஒருவரிடம் பேட்டி எடுத்துப் போடுங்கள். கோ.பி.எச் 2-க்குப் பிறகு இங்கே என்ன நடந்தது, ஏ 4 தாய் நம் ரகங்களில் எந்த அளவுக்கு வந்திருக்கிறது, விதை எப்போது கிடைக்கும் என்று நேராகக் கேளுங்கள். ஆடிப் பட்டத்துக்கு முன்னால் அந்தப் பேட்டி வந்தால், வைகாசியில் பையில் மண் நிரப்புகிறபோதே நாங்கள் அதைப் படித்துவிட்டு முடிவு எடுப்போம்.

இப்படிக்கு,
துவரை விதை உற்பத்தி விவசாயி ஒருவர்,
ஊத்தங்கரை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.